கியோட்டோவில் தனியாக: கல்லைத் தூக்கச் சொன்ன பாட்டி

ஜப்பானுக்குத் தனியாகப் போகலாமா என்று கேட்டால் தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். நாலு பேராகப் போனால் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்துவிடுவோம், தனியாக நின்று முழித்தால்தான் யாராவது ஒருவர் பக்கத்தில் வருவார்.

நவம்பர் மாதம், விடிகிற நேரத்திலேயே ஃபுஷிமி இனாரி மலைக்கோயிலுக்குப் போய்விட்டேன். மலைப்பாதை 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் வெயில் ஏறிவிட்டால் அந்தச் சிவப்புத் தோரி வாசல்களுக்கு நடுவே செல்ஃபி கூட்டம் நகரவே விடாது. ஏறும்போது தூண்கள் வெறும் சிவப்பாகத்தான் தெரிகின்றன. இறங்கி வரும்போதுதான் ஒவ்வொன்றிலும் கறுப்பு எழுத்தில் உபயதாரர் பெயரும் தேதியும் கண்ணில் படும், பாதிக்கு மேல் கம்பெனிகள் போல. இனாரி நெல்லுக்கான சாமி, அப்புறம் வியாபாரத்துக்கும் ஆகிவிட்டார். வழியெல்லாம் கல் நரிகள், ஒன்றின் வாயில் நெற்கதிர், இன்னொன்றின் வாயில் சாவி.

தோரி வரிசை முடிகிற இடத்தில் ஒரு சின்ன சன்னதி இருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு கல்விளக்குகள், அவற்றின் தலையில் உருண்டைக் கல். என்ன இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு பாட்டி, எண்பதாவது இருக்கும், கையைக் கூப்பி கண்ணை மூடிக் காட்டினார், அப்புறம் தூக்கு தூக்கு என்று சைகை. மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு தூக்க வேண்டுமாம், நினைத்ததைவிட லேசாக இருந்தால் வேண்டியது நடக்கும், கனமாக இருந்தால் கஷ்டம். நம் பக்கத்து இளவட்டக்கல் மாதிரி பலத்தைக் காட்டுகிற விஷயம் இல்லை, மனசு எவ்வளவு எதிர்பார்த்தது என்பதுதான் கணக்கு. தூக்கினேன். யம்மா, என்ன கனம்! என் முகத்தைப் பார்த்துப் பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்து அவரே தூக்கினார், அவர் முகமும் அதே மாதிரி சுருங்கியது. பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு என்னைவிட வேகமாக மலை ஏறிப் போய்விட்டார். மலை 233 மீட்டர்தான், இருந்தாலும் படிகள் காலை உடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அடிவாரத்தில் வறுத்த டோஃபு போட்ட உடோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ், கிடைக்கும், பார்த்தால் சுத்த சைவம், ஆனால் குழம்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அங்கிருந்து கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோவில் இறங்கி சஞ்சூசங்கெண்டோ என்ற புத்தர் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு 120 மீட்டர் நீள மண்டபத்துக்குள் போனால் ஆளுயரத்தில் 1000 கன்னோன் சிலைகள், கன்னோன் என்றால் கருணைத் தெய்வம். நடுவில் 1254இல் தாங்கெய் என்ற சிற்பி முடித்த பெரிய கன்னோன். முன்வரிசையில் காவல் தெய்வங்கள் 28. அங்கேதான் ஒரு பெரியவர், "இந்தோ?" என்றார், இந்தியாவா என்று. தலையாட்டினேன். அவ்வளவுதான், என்னை ஒவ்வொரு சிலை முன்னாலும் நிறுத்தி எங்கள் ஊர்க்காரரை எனக்கே அறிமுகப்படுத்த ஆரம்பித்துவிட்டார். பிரம்மா, இந்திரன், மூன்று முகத்தோடு அசுரன். கருடன் வந்ததும் இரண்டு கையையும் உதட்டருகே வைத்து ஊதிக் காட்டினார். நிஜமாகவே அங்கே கருடன் புல்லாங்குழல் வாசிக்கிறார்! பெருமாளைச் சுமக்கிறவர் கையிலேயே குழல் வந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு, அதை அவருக்கு எப்படிச் சொல்வது, விட்டுவிட்டேன். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் யாரும் அவசரப்படுவதில்லை, எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். அந்த ஆயிரம் முகங்களில் நாம் பார்க்க ஏங்குகிறவர் முகம் ஒன்று நிச்சயம் இருக்கும் என்று சொல்வார்கள். நான் மூன்றாவது வரிசையில் எங்கள் கணக்கு டீச்சரைப் பார்த்தேன், ஏங்கவெல்லாம் இல்லை.

*

அக்கா, உங்கள் கியோட்டோ பதிவைப் படித்தேன். கருடனைப் பார்த்தவர் இந்திரனைப் பார்க்க தோஜி கோயிலுக்கும் போயிருக்கலாமே! கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். அங்கே இந்திரன் யானை மேல் உட்கார்ந்திருக்கிறார், பிரம்மாவைச் சுமப்பவை நாலு வாத்துகள். நான் போனது 21ஆம் தேதி, மாதாமாதம் அன்று கோயில் வளாகத்தில் சந்தை. பழைய கிமோனோ, துருப்பிடித்த சுத்தியல், ஊறுகாய் எல்லாம் கிடக்கிறது, மேலே 55 மீட்டர் மரக்கோபுரம். தேநீர்க் கிண்ணம் விற்ற ஒருவரிடம் விலை கேட்டேன். கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார், நான் குறைத்துத் தட்டினேன், அவர் யோசித்துவிட்டு என் எண்ணை அழித்து அதே பழைய விலையைத் திரும்பத் தட்டினார். வாங்கிவிட்டேன்.