டிசம்பர்ல பிஸ்கட் மாத்திக்கிற பார்ட்டி, எட்டு பேருக்கு எத்தனை சுடணும்?

கடலோரக்காரி (டர்பன்):
வணக்கம் மக்களே. மதுரைல இருந்து தென்னாப்பிரிக்கா, டர்பனுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. அமெரிக்காவுல இருக்கற என் நாத்தனார் வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு குக்கி பார்ட்டி வைப்பா, ஆளுக்கு ஒரு வகை சுட்டு எடுத்துட்டு வந்து எல்லாருமே எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வீட்டுக்கு கொண்டு போறது. போட்டோ பாத்த ஆசைல ஆபீஸ்ல நாலு பேரையும் தெருவுல மூணு பேரையும் கூப்டுட்டேன், என்னோட எட்டு. இப்பதான் பயமே வருது. ஆளுக்கு ஒரு டஜன்னு அவ சொல்றா, அப்ப நான் 96 சுடணுமா?? என் அவன்ல ஒரு தட்டுக்கு 16 தான் பிடிக்கும். இதுல ஒருத்தங்க முட்டை சாப்பிட மாட்டாங்க, ஒருத்தங்க ஹலால் பாப்பாங்க, ஒருத்தங்க பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. 16ம் தேதி லீவு அன்னிக்கு வைக்கலாம்னு நினைக்கிறேன். எனக்கு முறுக்கு சூப்பரா வரும், பிஸ்கட் சுமார்தான், முறுக்கே சுட்டுடலாமா?

ஜோபர்க் அக்கா:
டஜன் கணக்க விடும்மா, அது பெரிய அவன் வச்சிருக்கவங்க கணக்கு. ஆளுக்கு 6 போதும். நீ போக ஏழு பேரு, 42 ஆச்சு, அங்கேயே டீயோட கடிக்க ஒரு 6, மொத்தம் 48. உன் அவன்ல மூணு தட்டு, முடிஞ்சுது. எல்லாருக்கும் இதே எண்ணிக்கைய வாட்ஸப்ல முன்னாடியே போட்டுரு, இல்லன்னா ஒருத்தி இருபதோட வந்து நிப்பா, இன்னொருத்தி நூறு சுட்டுட்டு முகத்த தூக்கி வச்சிப்பா. என் வீட்ல நடந்துச்சு, இன்னும் பேச்சு வார்த்தை சரியில்ல 😅
16ம் தேதி வேணாம். டிசம்பர் பாதியில பாதிப்பேரு ஊருக்குக் கெளம்பிடுவாங்க, நாங்க ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) காரங்க எல்லாம் அப்ப உங்க கடற்கரைலதான் உக்காந்திருப்போம். முதல் சனிக்கிழமை வை. டப்பா காசு குடுத்து வாங்காத, ரெண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா இல்லாத வீடு இந்த நாட்டுல கிடையாது, அவங்கவங்கள கொண்டு வரச் சொல்லு.

சாட்ஸ்வர்த் பேரன்:
நான் இங்கேயே பொறந்தவன், தமிழ் ஆயாகிட்ட கத்துகிட்டது, பிழை இருந்தா மன்னிச்சிக்கோங்க. மொதல்ல ஒண்ணு, இங்க குக்கின்னு யாரும் அவ்வளவா சொல்றதில்ல, பிஸ்கட்தான். ரெண்டாவது, இது எங்களுக்குப் புதுசும் இல்ல. தீபாவளிக்கு பர்ஃபியும் பிஸ்கட்டும் பார்சல் கட்டி முஸ்லிம் வீடு கிறிஸ்டியன் வீடுன்னு தெரு பூரா குடுப்போம், ஈதுக்கும் கிறிஸ்மஸுக்கும் அவங்ககிட்ட இருந்து திரும்பி வரும். நீங்க அதையே ஒரே நாள்ல உக்காந்து பண்றீங்க, அவ்வளவுதான்.
உங்க நாத்தனார் ஊர்ல அப்ப குளிரு. டர்பன் டிசம்பர்ல காத்தே ஈரத்துணி மாதிரி இருக்கும். மொறுமொறுப்பா சுட்டது எதையும் திறந்து வச்சா சாயந்திரமே நமத்துப் போகும், நல்லா ஆறினதும் உடனே மூடிருங்க. ஹெர்ட்சோகி கேள்விப்பட்டிருக்கீங்களா? 1924ல இருந்து 1939 வரைக்கும் இந்த நாட்டுப் பிரதமரா இருந்த ஹெர்ட்சோக் பேர்ல வந்த பலகாரம், கீழ மாவு கிண்ணம், உள்ள ஆப்ரிகாட் ஜாம், மேல தேங்காயும் முட்டை வெள்ளையும். சுட்ட அன்னிக்கு அமிர்தம், மறுநாள் ஜாம் இறங்கி அடி சொதசொதன்னு ஆயிடும். யாராவது கொண்டு வந்தா அங்கேயே தின்னு தீத்துருங்க. முட்டை வேணாம்னா நான்கட்டாய் போடுங்க, 1 கப் நெய், 1 கப் பொடிச்ச சர்க்கரை, 2 கப் மாவு, ஏலக்காய். சுலபம், எங்க ஆயா கண்ண மூடிட்டே போடும்.

மாவுக்கை (பிரிட்டோரியா):
மேல சொன்னதோட ஒண்ணு, கடைல கேக் ஃப்ளவர்னு இருக்கறதுதான் நம்ம மைதாவுக்கு பதில். பக்கத்துலயே செல்ஃப் ரைசிங் பை இருக்கும், அவசரத்துல அத எடுத்துட்டு வந்து என் நான்கட்டாய் இட்லி மாதிரி உப்பிச்சு. வெயில்ல மாவு இளகிடும், உருட்டி தட்டோட அரை மணி ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு சுடுங்க, இல்லன்னா பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உருட்டின மாவ ஃப்ரீசர்லயே ரெண்டு வாரம் முன்னாடி போட்டு வைக்கலாம், 2023ல லோட் ஷெட்டிங் உச்சத்துல இருந்தப்ப கரண்ட் வந்த நேரம் பாத்து சுட இதுதான் கை குடுத்துச்சு.
வேர்க்கடலை விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. தனி டப்பா, சீட்டு ஒட்டறதெல்லாம் போதாது, யாருமே கடலை சேர்க்காதீங்கன்னு எட்டு பேருக்கும் சொல்லிடுங்க. ஹலாலுக்கு மார்ஷ்மெல்லோ, ஜெலட்டின் ரெண்டும் பாத்து வாங்கச் சொல்லுங்க.
முறுக்குக்கு நான் நோ. பிஸ்கட்டோட ஒரே டப்பால போனா ஓமவாசனை வெண்ணெய் பிஸ்கட்ல ஏறிடும்.

சாட்ஸ்வர்த் பேரன்:
முறுக்குக்கு நோவா?! தனி கவர்ல போட்டா என்ன. எனக்கு ஓட்டு இருந்தா முறுக்குக்குதான்.

கடலோரக்காரி:
எல்லாருக்கும் நன்றி நன்றி. முதல் சனிக்கிழமை, ஆளுக்கு 6, கடலை கிடையாதுன்னு மெசேஜ் போட்டாச்சு. நான் நான்கட்டாய் 48, முறுக்கு நடுவுல தட்டுல வச்சி டீக்கு மட்டும், வீட்டுக்கு கிடையாது, ரெண்டு பேரும் சமாதானம் ஆகுங்க. பேரன் சொன்னப்பதான் ஞாபகம் வந்துச்சு, தீபாவளிக்கு எதிர் வீட்டு ஆன்ட்டி பர்ஃபி குடுத்த டப்பா இன்னும் என்கிட்டதான் இருக்கு, வெறும் டப்பாவ எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு அலமாரிலயே வச்சிருந்தேன். அவங்க பங்கு அதுலதான் போகுது.