ஆதம்பாக்கம் தெருக் குழு: ஆலந்தூர் ஏன் லிஸ்ட்ல வரல?

ரேவதி: வணக்கம். வாக்காளர் சேவை தளத்துல மாவட்டம் சென்னைனு போட்டா நம்ம ஆலந்தூர் தொகுதியே வரல. 16 தொகுதிதான் காட்டுது. நம்ம பேரெல்லாம் எடுத்துட்டாங்களா?

இம்ரான்: இல்லக்கா. மாவட்டம்ங்கிற இடத்துல காஞ்சிபுரம் போடுங்க. அதுக்குள்ள 28ஆம் எண் ஆலந்தூர்.

ரேவதி: வந்துடுச்சு தம்பி. ஆனா வரி கட்டுறது சென்னை மாநகராட்சிக்குத்தானே?

சேகர் சார்: ஆமாம்மா. ரெண்டும் வேற வேற கணக்கு. இப்ப இருக்கிற தொகுதி எல்லை 2008 மறுவரையறைல, 2001 சென்சஸ வச்சுப் போட்டது. அப்போ ஆலந்தூர் தனி நகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம். 2011லதான் மாநகராட்சில சேர்ந்து 12ஆவது மண்டலமாச்சு. தாலுகா 2018ல சென்னை மாவட்டத்துக்கு வந்தது. வார்டு, தாலுகா, மாவட்டம் எல்லாம் மாநில அரசு அரசாணைல மாத்திடலாம். தொகுதி எல்லைய அப்படி மாத்த முடியாது, மறுவரையறை ஆணையம் உட்காரணும். அதனால தேர்தலுக்கு மட்டும் நமக்கு காஞ்சிபுரம் கலெக்டர்.

சேகர் சார்: தொகுதிக்குள்ளயே பாருங்க. முகலிவாக்கம், மணப்பாக்கம் 2011ல மாநகராட்சிக்குப் போச்சு. ஒட்டியே இருக்கிற மௌலிவாக்கம், கெருகம்பாக்கம் ஊராட்சியாவே நின்னுடுச்சு. எம்எல்ஏ ஒருத்தர்தான், ஆனா அவர் பேச வேண்டிய கலெக்டர் ரெண்டு பேர், சென்னையும் காஞ்சிபுரமும்.

ஸ்டெல்லா டீச்சர்: இந்தப் பக்கமும் அப்படித்தான். ஆதம்பாக்கம் தாண்டினா புழுதிவாக்கம். அது சோழிங்கநல்லூர் தொகுதி, தேர்தல் மாவட்டம் செங்கல்பட்டு, எம்பி தொகுதி தென்சென்னை. நமக்கு எம்பி தொகுதி ஸ்ரீபெரும்புதூர். நடந்து போற தூரத்துல எல்லாமே மாறிடும்.

இம்ரான்: நாமளும் முன்னாடி தென்சென்னைதானே சார்?

சேகர் சார்: 2008 வரைக்கும். டி.ஆர்.பாலு தென்சென்னை எம்பியா இருந்தார். 2009ல அவர் ஸ்ரீபெரும்புதூர்ல நின்னு ஜெயிச்சார். அதனால தொகுதி பேர் மாறியும் நமக்கு எம்பி மாறல. நிறைய பேர் எல்லை மாறினதையே கவனிக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரேவதி: எம்.ஜி.ஆர் நின்னது இந்தத் தொகுதியா சார்?

சேகர் சார்: அப்போ பேர் பரங்கிமலை. 1967 ஜனவரி 12 ராமாவரம் தோட்டத்துல குண்டடி பட்டு, கழுத்துல கட்டோட ஆஸ்பத்திரில இருந்தே ஜெயிச்சார். அந்தக் கட்டு போட்ட படம்தான் போஸ்டர். 1971லயும் பரங்கிமலைதான், ரெண்டும் திமுக. 1972 அக்டோபர்ல அதிமுக ஆரம்பிச்சதும் இடையில தேர்தலே இல்லாம தொகுதி கட்சி மாறிடுச்சு. 1977ல பரங்கிமலைங்கிற பேர் போய் ஆலந்தூர் வந்தது. அவர் அருப்புக்கோட்டைக்குப் போயிட்டார்.

ஸ்டெல்லா டீச்சர்: அதுக்கப்புறம் 77, 80 அப்துல் ரசாக், அதிமுக. 84ல எம்.ஜி.ஆர் அலை அடிச்சப்பவும் இங்க திமுக ஆபிரகாம். 89 சண்முகம், 91 அண்ணாமலை, 96 மறுபடி சண்முகம், 2001 வளர்மதி, 2006 தா.மோ.அன்பரசன். எம்.ஜி.ஆர் தொகுதினு சொல்றோம், ஆனா இது யாருக்கும் கோட்டையா இருந்ததில்ல.

இம்ரான்: 2011 பண்ருட்டி ராமச்சந்திரன், தேமுதிக. 2013 டிசம்பர்ல ராஜினாமா பண்ணார்.

சேகர் சார்: காலியானா 6 மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் வைக்கணும். 2014 ஏப்ரல் 24 மக்களவைத் தேர்தலோட சேர்த்து வச்சாங்க. ஒரே பூத்ல எம்பிக்கு ஒரு மெஷின், எம்எல்ஏவுக்கு ஒரு மெஷின். அதிமுக வெங்கட்ராமன் வந்தார். 2016லயும் 2021லயும் அன்பரசன்.

ரேவதி: பாதாள சாக்கடை கொண்டுவந்த எம்எல்ஏ யாரு?

ஸ்டெல்லா டீச்சர்: எம்எல்ஏ இல்லம்மா, நகராட்சி. ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரா இருந்தப்போ, 90கள் கடைசில. வீட்டுக்கு 5,000 ரூபாய் ஜனங்களே முன்கூட்டி கட்டினாங்க, மீதி கடனும் மானியமும். தெருத் தெருவா கூட்டம் போட்டுக் கேட்டாங்க. நாடு முழுக்க இதை உதாரணமா பேசினாங்க. யார் செஞ்சாங்கனு சரியா தெரிஞ்சாத்தான் இப்போ யார்கிட்ட கேக்கணும்னு தெரியும். குப்பை, தெருவிளக்குனா மாநகராட்சி போன் நம்பர் 1913. கழிவுநீர்னா குடிநீர் வாரியம். சட்டம், பட்ஜெட், தொகுதி நிதினா எம்எல்ஏ.

ரேவதி: சரி டீச்சர். எங்க மாமியார் ஓட்டு இன்னும் புழுதிவாக்கத்துலதான் இருக்கு. இங்க மாத்த படிவம் 6ஆ?

இம்ரான்: வேண்டாம்க்கா! 6 புதுசா சேர்றவங்களுக்கு. அதைப் போட்டா ரெண்டு இடத்துல பேர் வந்துடும், அது சட்டப்படி தப்பு. படிவம் 8 போடுங்க. "முகவரி மாற்றம்" எடுத்ததும் தொகுதிக்குள்ளயா வெளியவானு கேக்கும். பக்கத்து ஏரியாதானேனு "உள்ளே" போட்டுடாதீங்க. புழுதிவாக்கம் சோழிங்கநல்லூர், அதனால "வெளியே". மாவட்டம் காஞ்சிபுரம், தொகுதி ஆலந்தூர்.

இம்ரான்: சான்றுக்கு புது முகவரி இருக்கிற ஆதார், இல்லனா பாஸ்புக். ஆதார்ல பழைய முகவரியே இருந்தா அதைச் சான்றா வைக்காதீங்க, நிராகரிச்சுடலாம். அனுப்பினதும் வர்ற எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. வீட்டுக்கு பூத் அலுவலர் பார்க்க வருவார்.

ரேவதி: அடையாள அட்டை எண் மாறுமா?

சேகர் சார்: மாறாது. 3 எழுத்து, 7 எண், அதேதான். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறும். பூத் எதுனு சொல்றது பாகம் எண்தான். பட்டியல் வந்ததும் அதை மறுபடி ஒரு தடவை பாருங்க. வேட்புமனு தேதி நெருங்கின பிறகு போட்டா அந்தத் தேர்தலுக்கு ஏறாது, அதனால இந்த வாரமே போட்டுடுங்க.

ரேவதி: இன்னைக்கு சாயங்காலமே போடறேன் சார். சந்தேகம் வந்தா இங்கயே கேக்கறேன்.

இம்ரான்: வாக்காளர் உதவி எண் 1950க்கும் கூப்பிடலாம்க்கா. கேட்டாங்கன்னா மாவட்டம் காஞ்சிபுரம்னு சொல்லுங்க.