அந்தி சாய்ந்ததும் மேலேறும் தெள்ளுகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோட்டையூரிலிருந்து:
மீன் குஞ்சுகளுக்கு உயிர்த்தீனி பிடிக்கக் கண்மாய்க்குப் போகிறவன் நான். உச்சி வெயிலில் மடைப்பக்கம் மேல்தண்ணீரை எவ்வளவு அரித்தாலும் கொஞ்சம்தான் தேறும். இருட்டிய பிறகு அதே இடத்தில் வலை போட்டால் பாட்டில் கொள்ளாமல் நீர்த்தெள்ளுகள், அதாவது டாஃப்னியாவும் மொய்னாவும் துள்ளும். வலையைக் கழியில் கட்டி அடியில் இறக்கினால் பகலிலும் சிக்குகின்றன. பகலெல்லாம் கீழேதான் பதுங்கியிருக்கின்றன.

மீன் கண்ணால் பார்த்து இரை பிடிக்கிறது. அதனால்தான் இவற்றுக்கு வெளிச்சம் என்றால் இவ்வளவு பயம். ஆனால் இவை தின்னும் நுண்பாசி செழிப்பது மேலேதான். பசி மேலே இழுக்க, உயிர்ப்பயம் கீழே இழுக்க, தினமும் இந்தப் பயணம். மீன் இருந்த தண்ணீரின் வாடை பட்டாலே இன்னும் ஆழத்துக்குப் போகும் டாஃப்னியாக்கள் உண்டு. கடுகளவு உயிருக்கு இத்தனை சூதானம்! இதைப் பார்த்ததிலிருந்து கண்மாயை வெறும் தண்ணீராக நினைக்க முடியவில்லை.

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, நிலாவையும் கவனியுங்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்தும்போது நான் தவறாமல் சொல்வது மொசாம்பிக்கின் கஹோரா பாசா நீர்த்தேக்கத்தின் கதை. போலந்து ஆய்வாளர் கிளிவிச் 1986-ல் எழுதியது. பௌர்ணமி கழிந்த நாட்களில் சூரியன் மறைந்து சற்றுநேரம் கழித்தே நிலா வரும். அந்த இருட்டை நம்பி இவை மேலே வந்துவிடும். அப்புறம் திடீரென்று நிலா வெளிச்சம். அங்குள்ள மத்தி இன மீன்களுக்கு விருந்து. மாதாமாதம் இவற்றின் எண்ணிக்கை சரிந்து, மறுபடி ஏறியிருக்கிறது. எனக்கு இன்றும் மனம் பதறும் பகுதி இது.

ஆத்தங்குடியிலிருந்து:
எங்கள் பக்கத்துக் குட்டையில் ஆழமே கிடையாது, செம்மண் கலங்கல் வேறு. அங்கே மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை. கலங்கலே மறைப்பாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். குளிர்நாட்டு ஏரிகளில் பகலில் செடிகளுக்குள் ஒளியுமாம். நம் ஊரில் அல்லிக்கொடிக்குள் பொடிமீன்களே குடியிருக்கின்றன, ஒளிய இடம் ஏது?

கோட்டையூரிலிருந்து:
சரி தேவகோட்டை ஆச்சி, வரும் பௌர்ணமிக்கு மறுநாள் நிலா ஏறுவதற்கு முன்னும் பின்னும் அரித்துப் பார்க்கிறேன். டார்ச் அடிக்காமல்தான், வெளிச்சத்துக்குச் சில மொய்த்துக்கொண்டு வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.