டிரையம்ஃப் டிஆர்3ஏ: ஸ்டீரிங் பாக்ஸை எந்தப் பக்கமாக எடுப்பது?

லெஸ்டர்வாசி:
என்னிடம் இருப்பது 1959 டிஆர்3ஏ ஸ்போர்ட்ஸ் கார், வலதுபக்க ஸ்டீரிங். ஸ்டீரிங்கில் பிளே அதிகம். மூன்று விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. ஸ்டீரிங் பாக்ஸுக்கு (ஸ்டீரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) அடியில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினால், பாக்ஸும் நீளத் தண்டும் ஒரே துண்டாக இருக்கிறது. உள்பக்கம் இழுக்க வழியில்லை, முன்பக்கம் இழுத்தால் கிரில் மறிக்கிறது. எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டுமா? பாக்ஸிலிருந்து சக்கரங்களை ஆட்டும் கை, அதாவது ட்ராப் ஆர்மும் கழல மாட்டேன் என்கிறது. டார்ச்சால் சூடு காட்டு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மெட்ராஸ்_வான்கார்டு:
சூடு வேண்டாம் சார். கார் ஓடும்போது அந்த ஆர்மை நம்பித்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். நல்ல புல்லர் (இறுக்கி இழுத்துக் கழற்றும் கருவி) தேடுங்கள். (என் வான்கார்டு கார் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்தது. உங்கள் வண்டி எஞ்சினுக்கு இதுதான் பெரியண்ணன். ஸ்டீரிங் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.)

கவென்ட்ரி_தாத்தா:
எஞ்சினைத் தொடவேண்டாம் தம்பி. கிரில்லோடு சேர்ந்த முன்பக்கத் தகடு முழுசாகக் கழன்று வரும். அதை எடுத்துவிட்டால் பாக்ஸ் தண்டோடு முன்னால் உருவிக்கொண்டு வந்துவிடும். துரு ஏறிய போல்ட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஸ்டீரிங் நடுவில் இருக்கும் ஹார்ன், இண்டிகேட்டர் தலையை எடுக்கவேண்டும். பலரும் அவசரப்பட்டு ஒயரை அறுப்பது இங்கேதான். ஸ்டீரிங் சக்கரம் சுற்றினாலும் அந்தத் தலை சுற்றாது, கவனித்திருப்பீர்கள். தண்டுக்குள் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதன் முன் முனை பாக்ஸின் மூக்கில் ஒரு நட்டாலும் பித்தளை வளையத்தாலும் பிடிக்கப்பட்டிருக்கும். ஒயர்கள் அந்த முனை வழியாகத்தான் வெளியே வருகின்றன. பேட்டரியைக் கழற்றுங்கள், ஒயர் நிறங்களைப் படம் எடுங்கள், கீழே ஒரு தட்டு வையுங்கள். நட்டைத் தளர்த்தியதும் பாக்ஸில் மிச்சமிருக்கும் எண்ணெய் அந்த வழியாக ஒழுகும். அப்புறம் ஸ்டீரிங் ஹப்பில் சுற்றிலும் மூன்று சின்ன க்ரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) இருக்கும். தளர்த்தினால் போதும், தலையும் குழாயும் உங்கள் பக்கம் வரும். இழுக்கும்போது ஒயர் முனையில் ஒரு நூலைக் கட்டி விடுங்கள். திரும்பக் கோக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

ஸ்டீரிங் சக்கரத்தை இழுக்கும்போது நட்டை முழுக்கக் கழற்றாதீர்கள், சில மரை விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் விடுபடும் வேகத்தில் மூக்கு உடையும்.

ட்ராப் ஆர்மில் முதலில் ஆர்மையும் அது மாட்டியிருக்கும் குட்டைத் தண்டின் முனையையும் சேர்த்து ஒரு அடையாளம் வெட்டுங்கள். புல்லரை இறுக்கி, அதன் போல்ட் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி இறுக்கம். வராவிட்டால் இறுக்கத்தோடு ராத்திரி விட்டுவிடுங்கள். பல சமயம் யாரும் தொடாமலேயே பட்டென்று விடும். அந்தத் தண்டு முனையில் மட்டும் அடிக்காதீர்கள். அந்த அடி நேராக உள்ளே இருக்கும் கேமிலும் (ஸ்டீரிங் தண்டு முனையில் உள்ள திருகுப் பள்ளம்) அதில் ஓடும் பெக்கிலும் (ஆர்மைத் திருப்பும் முளை) போய் விழும்.

கோவை_லேத்:
பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் பால் ஜாயின்ட்டுகளையும் எதிர்ப்பக்கம் ட்ராப் ஆர்முக்கு ஜோடியாக இருக்கும் ஐட்லர் லீவரையும் ஆட்டிப் பாருங்கள் அண்ணா. பாதி பிளே அங்கேயே கிடைக்கும்.

லெஸ்டர்வாசி:
தகட்டைக் கழற்றினேன், பாக்ஸ் மேசைக்கு வந்துவிட்டது. ஆர்ம் ராத்திரியிலேயே விட்டிருந்தது தாத்தா! ஐட்லரிலும் ஆட்டம் இருக்கிறது. மேல் மூடியில் உள்ள ஸ்க்ரூவை இறுக்கினால் நடுவில் பிளே போகிறது. ஆனால் முழுசாகத் திருப்பும்போது இரண்டு ஓரத்திலும் பிடிக்கிறது.

கவென்ட்ரி_தாத்தா:
அப்படியென்றால் கேமின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. நேராக ஓட்டும்போது பெக் நிற்கும் இடம் அதுதானே, தேய்மானம் முழுக்க அங்கே. ஸ்க்ரூவை இறுக்கிச் சமாளிக்காதீர்கள். திருப்பத்தில் பிடிக்கிற ஸ்டீரிங், பிளே உள்ள ஸ்டீரிங்கைவிட மோசம். பாக்ஸைத் திறந்து பெக்கைப் பாருங்கள், அது தட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கேமில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும், வெல்டிங் பேச்சே கூடாது. எண்ணெய்க் கசிவுக்கு ஆர்ம் பக்கத்து சீல். அதை இப்போதே மாற்றிவிடுங்கள்.

லெஸ்டர்வாசி:
கசிவுக்குப் பயந்து கிரீஸ் அடைத்துவிடலாமா?

கவென்ட்ரி_தாத்தா:
வீல் பேரிங் கிரீஸா? வேண்டாம். பெக் அதை ஒதுக்கித் தள்ளிவிடும், திரும்ப வழிந்து வராது. 90 கியர் ஆயில் ஊற்றுங்கள்.