சிம்லிங்க்கே இல்லாத ஃபோல்டரில் சிம்லிங்க் எரர்: உங்களுக்கும் நடந்திருக்கா?

பேக்கப்பாண்டி:
2012 கடைசி. ஒரு ஸ்கேனிங் ஆபீஸ். எக்ஸ்ட்4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) டிஸ்க்கை என்எஃப்எஸ் (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற முறை) வழியா பத்து மெஷினுக்கு ஷேர் பண்ணியிருந்தோம். ஒரே ஃபோல்டரில் 70,000 டிஃப் ஃபைல், எல்லாம் ஸ்கேன் படம். காலைல பேக்கப் லாக்கைத் திறந்தா 'டூ மெனி லெவல்ஸ் ஆஃப் சிம்பாலிக் லிங்க்ஸ்'. அங்கே சிம்லிங்க் (வேற ஃபைலைக் காட்டுற குறுக்குவழி) ஒண்ணுகூடக் கிடையாது! அரை நாள் அதைத் தேடியே போச்சு. அப்புறம் டிமெசேஜ் (கெர்னல் லாக்) பார்த்தேன்: ரீட்டிர் லூப் (ஃபோல்டரைப் படிக்கிறது சுத்திச் சுத்தி வருதாம்), டூப்ளிகேட் குக்கி, ஒரு ஃபைல் பேர். சர்வர் வெண்டரைக் கேளுங்கன்னு அறிவுரை வேற. இங்கே வெண்டரே நான்தான். அதே ஃபோல்டரை வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணினா பிரச்சினை இல்லை. டிஸ்க் போச்சுன்னே முடிவு கட்டிட்டேன்.

கெர்னல்கிறுக்கன்:
டிஸ்க் மேல பழி போடாதீங்க அண்ணே. பெரிய ஃபோல்டரை கிளையன்ட் (ஷேரைப் படிக்கிற மெஷின்) துண்டு துண்டாத்தான் கேட்கும். எதுவரை படிச்சோம்னு அடையாளம் வைக்கிறதுதான் குக்கி. எக்ஸ்ட்4 ஃபைல் பேரோட ஹாஷையே (பேரை வச்சுக் கணக்குப் போட்டு எடுக்கிற எண்) குக்கியா நீட்டிடும். அப்போ அது 31 பிட், சுமார் 214 கோடி எண்தான். நிறைய இருக்கிற மாதிரி தோணும், ஆனா 55,000 ஃபைல் சேர்ந்தாலே ரெண்டு ஃபைல் பேருக்கு ஒரே ஹாஷ் விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. கிளையன்ட் வந்த இடத்துக்கே திரும்பி வந்துட்டோம்னு நினைச்சு நின்னுடும். ஹாஷ் கணக்கோட விதை (ஆரம்ப எண்) டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதான் காப்பியில் தப்பிச்சீங்க. 2012ல வந்த 3.4 லினக்ஸ் கெர்னல்ல என்எஃப்எஸ் 3க்கு 64 பிட் குக்கி கொடுக்க ஆரம்பிச்சாங்க. உங்க சர்வர் பழசா இருந்திருக்கும்.

பேக்கப்பாண்டி:
ஆமா தம்பி, 2.6.32. அதை அப்டேட் பண்ண விடவே மாட்டாங்க.

மதுரைமவுன்ட்:
நாங்க அதே நிலைமைல டியூன்2எஃப்எஸ் கமாண்ட்ல டிர் இன்டெக்ஸை (ஹாஷ் வச்சு ஃபைலைத் தேடுற எக்ஸ்ட்4 அட்டவணை) நிறுத்தினோம். லூப் போச்சு, ஆனா ஒரு ஃபைலைத் திறக்கவே கொட்டாவி வந்துடும். கடைசியில சப்ஃபோல்டரா பிரிச்சோம். அதிலும் ஒரு கூத்து: முதல் ரெண்டு எழுத்தை வச்சுப் பிரிச்சா எல்லாம் 'எஸ்சி'யிலேயே போய் விழுந்துச்சு, எல்லாப் பேரும் ஸ்கேன்னுதானே ஆரம்பிக்குது! சீரியல் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்துக்கு மாத்தின பிறகு நூறு ஃபோல்டர், ஒவ்வொண்ணிலும் 700 சொச்சம். புது டிஸ்க் எல்லாம் இப்போ எக்ஸ்எஃப்எஸ்ங்கிற வேற ஃபைல் சிஸ்டம். அதுல குக்கி ஹாஷ் இல்லை, ஃபோல்டருக்குள்ளே அந்த என்ட்ரி இருக்கிற இடம்.