எல்விஸ் மறுபடி மேடை ஏறினப்போ: பார்த்தவங்க, கேட்டவங்க எழுதுங்க

இசைத்தட்டுப் பைத்தியம்:
ரொம்ப வருஷம் ஒதுங்கி இருந்துட்டு மேடைக்குத் திரும்பின பாடகர்கள் பத்திப் போன வாரம் பேச்சு வந்தப்போ, ஆளாளுக்கு எல்விஸ் பிரெஸ்லி பேரைத்தான் இழுத்தீங்க. அதனால அவருக்கே தனி இழை போட்டாச்சு.

தெரியாதவங்களுக்காக: பேர்ல் ஹார்பர்ல மூழ்கின யுஎஸ்எஸ் அரிசோனா கப்பலுக்கு நினைவுச்சின்னம் கட்டப் பணம் வேணும்னு 1961 மார்ச் 25 அன்னிக்கு ஹவாயில ஒரு கச்சேரி பண்ணினார். அதோட மேடைக்கு முழுக்கு. அப்புறம் எட்டு வருஷம் சினிமாதான், வருஷத்துக்கு மூணு படம்கூட வந்திருக்கு. 1969 ஜூலை 31 அன்னிக்கு லாஸ் வேகஸ் இன்டர்நேஷனல் ஹோட்டல்ல மறுபடி ஏறினார். நிலாவுல மனுஷன் கால் வச்சு பதினோரு நாள்தான் ஆகியிருந்துச்சு.

நேர்ல பார்த்தவங்க இங்க யாராவது இருப்பாங்கன்னு நம்பிக்கை இல்ல. ஒலிப்பதிவுல கேட்டவங்க, அந்த இடத்துக்குப் போய் வந்தவங்க, யாரா இருந்தாலும் சரி. விக்கிப்பீடியாவை வெட்டி ஒட்டாம சொந்தமா எழுதுங்க.

திருச்சி தாத்தா:
நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். நான் நேரில் பார்த்தவன்.

1968-ல் மேற்படிப்புக்காக லாஸ் ஏஞ்சலீஸ் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் எல்விஸ் எனக்குத் தெரிந்தது இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பிலும், மதராஸில் ஆங்கிலப் படம் போடும் தியேட்டர்களிலும்தான். வானொலியில் கேட்ட குரலுக்கும் திரையில் பார்த்த ஆளுக்கும் சம்பந்தமே இருக்காது. படங்களில் கடற்கரை, ஒரு கார், சுற்றிலும் நாலைந்து பெண்கள், நடுவில் சப்பென்று பத்துப் பாட்டு. அமெரிக்கா போன பிறகு பார்த்தால், என் வயதுப் பையன்கள் யாரும் அவரைப் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. எல்லாருக்கும் பீட்டில்ஸ், ஹெண்ட்ரிக்ஸ். எல்விஸ் என்றால் அக்கா தலைமுறை.

சொல்லிவைத்த மாதிரி, என் அறைத்தோழனின் அக்காதான் டிக்கெட் ஏற்பாடு செய்தது. அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு வர முடியாமல் போக, அந்த இடத்தில் என்னை ஏற்றிக்கொண்டு பாலைவனம் தாண்டி வேகஸ் போனார்கள். ஆகஸ்ட் நடுவில். வெயிலைக் கேட்காதீர்கள்.

தலைக்குக் குறைந்தது 15 டாலர். அன்றைக்கு அது எனக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. ராத்திரிக்கு இரண்டு காட்சி. முதல் காட்சி சாப்பாட்டோடு, நள்ளிரவுக் காட்சி மதுவோடு. நான் அப்போதும் இப்போதும் சைவம், அதனால் நள்ளிரவுக் காட்சியே தேவலை என்று தீர்மானம் ஆயிற்று. 15 டாலருக்கும் கோக் குடித்தே தீர்த்த ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.

அரங்கம் 2,000 பேர் கொள்ளும். நீள நீள மேசைகள், சுவரிலும் கூரையிலும் தேவதை பொம்மைகள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் பணக்கார மாமா ஒருவர் வர்ணம் அடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. பாடும்போது நடுவில் எல்விஸே அந்த பொம்மைகளைக் கிண்டல் செய்தார். இடம் காட்டுகிறவர் கையில் நோட்டைத் திணித்தவர்களுக்கு முன்மேசை. நாங்கள் மாணவர்கள், பின்னால் ஒதுங்கினோம்.

முதலில் ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற பெண்கள் குழு பாடியது. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல்கள், அருமை. பிறகு சாமி ஷோர் என்று ஒரு நகைச்சுவைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குப் பாதி புரியவில்லை. அப்புறம் அறிவிப்பு, கிறிவிப்பு ஒன்றும் கிடையாது. வாத்தியங்கள் எழும்பின, திரை விலகியது, மனுஷர் பாட்டுக்கு நடந்து வந்தார். கராத்தே உடை மாதிரி தைத்த கறுப்பு உடுப்பு, கழுத்தில் துணி. கல் பதித்த வெள்ளை முழுஉடுப்பு எல்லாம் அடுத்த வருஷத்து சமாசாரம். இப்போது படம் போடுகிறவர்கள் எல்லாரும் 69-க்கும் அதையே மாட்டிவிடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்.

முதல் பாட்டு ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’. பழைய பாட்டுகளை எல்லாம் தறிகெட்ட வேகத்தில் பாடித் தள்ளினார். கொடுக்க வேண்டிய கடனை முதலில் கொடுத்துத் தொலைப்போம் என்கிற அவசரம் அதில் தெரிந்தது. நடுவில் தண்ணீர் குடித்தார், மூச்சு வாங்கினார், லாரி ஓட்டியதில் ஆரம்பித்து, பாட்டு, சினிமா, ராணுவம் என்று தன் கதையைச் சொல்லித் தன்னையே கேலி பண்ணிக்கொண்டார். திரையில் நான் பார்த்த பொம்மை இந்த ஆளில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வயது 34. வேர்வை சொட்டச் சொட்ட ஒரு ஆள் என் கண் முன்னால் உழைக்கிறான்!

கடைசிப் பகுதியில் ஒரு பாட்டு வந்தது. எங்கள் மேசையில் யாருக்கும் அது தெரியவில்லை, அக்காவுக்குக்கூட. ‘சஸ்பிஷஸ் மைண்ட்ஸ்’. அதன் இசைத்தட்டு ஆகஸ்ட் 26-ல்தான் வெளிவந்தது, நாங்கள் கேட்டது அதற்கு முன்பே. கேட்டே இராத ஒரு பாட்டை ஏழெட்டு நிமிஷம் இழுத்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பாட்டு அடங்கிக்கொண்டே போகும், முடிந்தது என்று கைதட்டுவோம், மறுபடி அடியிலிருந்து கிளம்பும். முழங்கால் போட்டு, கையை வீசி, டிரம்ஸோடு சண்டை பிடித்து. முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். முன்மேசைகளில் முத்தம் வாங்க வரிசை. நான் கும்பகோணத்துப் பக்கத்து ஆள், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே நாட்களில்தான் நாட்டின் மறுகோடியில் உட்ஸ்டாக் இசைத் திருவிழா. அங்கே போகாமல் இங்கே வந்துவிட்டோமே என்று அறைத்தோழன் பல வருஷம் புலம்பினான். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

இசைத்தட்டுப் பைத்தியம்:
ஐயா!!! உங்களை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க? ஒரே ஒரு கேள்வி. கைநடுக்கம், பயம் ஏதாவது தெரிஞ்சுதா?

திருச்சி தாத்தா:
நான் போனபோது இரண்டு வாரம் ஆகிவிட்டதே. பயம் தெளிந்திருக்கும். முதல் நாள் உதறல் எடுத்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இருக்காதா? 1956-ல் இதே வேகஸில் நியூ ஃபிரான்டியர் ஹோட்டலில் இரண்டு வாரம் பாடினார். சாப்பிட வந்த நடுவயதுக் கூட்டம் ஃபோர்க்கைக் கீழே வைக்கவில்லை.

டிரம்ஸ் தம்பி:
தாத்தா சொன்னதுல டிரம்ஸோட சண்டை பிடிச்சார்னு வந்துச்சு பாருங்க, அந்த ஆள் ரோனி டட். டல்லாஸ்காரர். நான் பத்து வருஷமா லைட் மியூசிக்ல வாசிக்கறேன். என்னை டிரம்ஸ் பக்கம் இழுத்ததே அவரோட வாசிப்புதான். எல்விஸ் தோளை அசைச்சா ஒரு அடி, முட்டியை மடக்கினா ஒரு உருட்டு. நோட்டைப் பார்த்து வாசிக்கற வேலையே இல்ல, ஆளைப் பார்த்து வாசிக்கணும். நம்ம மேடையில டான்ஸ் ஆடுற பாடகர் பின்னாடி உட்கார்ந்தவங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஆரம்ப காலத்துல கூட கித்தார் வாசிச்ச ஸ்காட்டி மூர், டிரம்ஸ் வாசிச்ச டி.ஜே. ஃபோன்டானா, பின்னணி பாடின ஜோர்டனேர்ஸ், இவங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. நாஷ்வில் ஸ்டுடியோல வர்ற தினசரி வருமானத்தை விட்டுட்டு ஒரு மாசம் வேகஸ்ல உட்கார்ந்தா கட்டுப்படி ஆகாதுன்னு அவங்க வரல. சோத்துப் பிரச்சினை, தப்பே சொல்ல முடியாது. அதுக்கப்புறம்தான் கித்தார்க்காரர் ஜேம்ஸ் பர்ட்டன் புது ஆளுங்களைச் சேர்த்தார். பேஸ் கித்தார் ஜெர்ரி ஷெஃப். பழைய ஆளுங்களே வந்திருந்தா 1956-ஐ அப்படியே திரும்ப வாசிச்சிருப்பாங்க, இந்த வெறி வந்திருக்காதுன்னு எனக்குத் தோணும். ஸ்காட்டி ரசிகர்கள் அடிக்க வராதீங்க.

இன்னொண்ணு. எல்லாரும் 1968 டிசம்பர்ல என்பிசி டிவியில வந்த நிகழ்ச்சியைத்தான் திரும்பி வந்த நாள்னு சொல்றாங்க. கறுப்புத் தோல் உடுப்பு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஷூட்டிங். ஜூன்ல எடுத்து, வெட்டி ஒட்டி, டிசம்பர்ல போட்டாங்க. வேகஸ்ல வெட்ட முடியாது.

இசைத்தட்டுப் பைத்தியம்:
தம்பி, இதுல ஒத்துக்க மாட்டேன். அந்த டிவி நிகழ்ச்சி இல்லன்னா வேகஸே இல்ல. மேனேஜர் பார்க்கர் கிறிஸ்துமஸ் பாட்டா பாடச் சொன்னதையும் மீறித்தான் டைரக்டர் ஸ்டீவ் பைண்டர் அதை எடுத்தார். ஸ்காட்டியும் ஃபோன்டானாவும் கூட உட்கார்ந்து, ஃபோன்டானா கித்தார்ப் பெட்டியைத் தட்டி வாசிக்க, சுத்தி ஜனங்களை உட்கார வச்சுப் பாடினார் இல்லையா, அங்கதான் அவருக்கு ருசி திரும்பிச்சு. அப்புறம் 1969 ஆரம்பத்துல மெம்ஃபிஸ் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோ. தாத்தா கேட்ட அந்தப் புதுப் பாட்டு அங்க பதிவானதுதான். மூணையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
சண்டையை விட்டிட்டு இதைக் கேளுங்கோ. நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து லண்டனுக்கு வரேக்கை மனுசன் செத்துப் போச்சு, 77 ஓகஸ்டிலை. 82-ம் ஆண்டு ஒரு நாள் ரேடியோவிலை அவற்றை ‘ஆர் யூ லோன்சம் டுநைட்’ போகுது. ஐயோ, ஆள் பாட்டுக்குள்ளை விழுந்து விழுந்து சிரிக்குது! எனக்கெண்டால் ரேடியோக்காரர் ஏதோ பகிடி விடுகினம் எண்டு நினைப்பு.

பிறகுதான் விசாரிச்சுப் பாத்தனான். 1969 ஓகஸ்ட் 26, நடுச்சாமக் காட்சி. பாட்டிலை ஒரு வரியை மாத்தி, மொட்டைத் தலையைப் பாத்து மயிர் முளைக்காதோ எண்டு ஏங்கிறியோ எண்டு பாடிப்போட்டார். அதோடை சிரிப்பு வந்திட்டுது, அடக்க ஏலாமல் போச்சு. பின்னாலை பாடின பொம்பிளை மட்டும் ஒண்டுமே நடக்காத மாதிரி மேல் ஸ்தாயியிலை இழுத்துக்கொண்டே இருக்கிறா. அவவைக் கேக்கக் கேக்க அவருக்கு இன்னும் சிரிப்பு. பாட்டை நிப்பாட்டவும் இல்லை, சரியாப் பாடவும் இல்லை. இண்டைக்கும் வீட்டிலை ஆருக்கும் மனம் சரியில்லை எண்டால் இதைத்தான் போடுறது.

இங்கை இங்கிலாந்துக்கு அவர் ஒரு நாளும் வந்து பாடேல்லை. அமெரிக்காவுக்கு வெளியிலை பாடினதெண்டால் 57-ம் ஆண்டு கனடாவிலை மட்டும்தான். மனேஜர் பார்க்கர் ஒல்லாந்துக்காரன், கடதாசி இல்லாமல் அமெரிக்காவிலை இருந்தவன், வெளியிலை போனால் திரும்பி உள்ளை விடமாட்டாங்கள் எண்டுதான் போகவே விடேல்லை எண்டு கனபேர் சொல்லுவினம். விசா, கடதாசி எண்டு அலைஞ்ச எங்களுக்கு அது விளங்கும். ஆனாலும் அவனை மன்னிக்க மனம் வரேல்லை.

நெவாடா வாசி:
அந்த ஹோட்டலுக்கு வேலை விஷயமாகப் போயிருக்கிறேன். பக்கத்திலேயே வேகஸ் மாநாட்டு மையம் இருப்பதால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் தங்கும் இடம். இன்டர்நேஷனல் என்ற பெயர் போய் ஹில்டன் ஆகி, இப்போது வெஸ்ட்கேட். உள்ளே எல்விஸுக்கு வெண்கலச் சிலை. அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கூட்டம் வரும், சூதாட்ட இயந்திரங்கள் பக்கம் போகும். அரங்கில் வேறு யார் யாரோ நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஊழியர் ஒருவரிடம் நைச்சியமாகப் பேசிக் காலியான அரங்கை எட்டிப் பார்த்தேன். படங்களில் தெரிவதைவிட மேடை ரசிகர்களுக்கு ரொம்ப நெருக்கம்.

எனக்கு அங்கே நின்றபோது கணக்குத்தான் ஓடியது. ஜூலை 31 ஒரே காட்சி, அழைப்பாளர்களுக்கு மட்டும். அதன் பிறகு ஆகஸ்ட் 28 வரை தினம் இரண்டு. மொத்தம் 57. ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. எட்டு வருஷம் மேடையே ஏறாத தொண்டைக்கு இது என்ன தண்டனை! முதல் நாள் வெற்றியைப் பார்த்ததும் பார்க்கர் ஹோட்டல்காரர்களோடு உட்கார்ந்து மேசை விரிப்பிலேயே ஒப்பந்தம் எழுதினார் என்பார்கள். ஐந்து வருஷம், வருஷத்துக்கு இரண்டு மாதம், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர். விலைவாசி ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது.

1976 டிசம்பர் வரை அதே மேடையில் 600 காட்சிகளுக்கு மேல் பாடினார். அவரை உயிர்ப்பித்த இடமே பிறகு அவரைக் கட்டிப்போட்டது. 1969 பதிவையும் கடைசிக் காலப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். நான் ஒருமுறை கேட்டேன், இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இசைத்தட்டுப் பைத்தியம்:
முதல் நாள் கதை ஒண்ணு யாரும் சொல்லலையே. கச்சேரி முடிஞ்சு பத்திரிகைக்காரங்க சந்திப்பு. யாரோ ஒருத்தர் அவரை ராக் அண்ட் ரோல் ராஜான்னு சொல்ல, எல்விஸ் அங்க இருந்த கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவைக் காட்டி, உண்மையான ராஜா அவர்தான்னுட்டார். சும்மா பணிவுக்குச் சொன்னதா எனக்குத் தோணல. ராக் அண்ட் ரோல் எங்கிருந்து வந்துச்சுன்னு அவருக்குத் தெரியும். வேகஸ்ல பின்னணிக்குக் கறுப்பினப் பெண்கள் குழு, கூடவே இம்பீரியல்ஸ்னு வெள்ளையர் காஸ்பல் குழு, ரெண்டையும் ஒரே மேடையில நிறுத்தினதுலயும் அந்த ஞாபகம் இருக்கு.

சரி, புதுசா கேட்கறவங்களுக்கு எதை முதல்ல கேட்கச் சொல்றீங்க?

டிரம்ஸ் தம்பி:
2019-ல 11 சிடி பெட்டி ஒண்ணு வந்துச்சு, 69 ஆகஸ்ட்ல பதிவு பண்ணின காட்சிகள் எல்லாம் முழுசா. மொத்தமா கேட்காதீங்க, அலுத்துடும், அதே ஜோக் திரும்பத் திரும்ப வரும். ஏதாவது ஒரு நள்ளிரவுக் காட்சி எடுங்க. தாத்தா சொன்ன அந்த நீளப் பாட்டை ஹெட்போன்ல போட்டு, பாட்டை விட்டுட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்க.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தம்பி சொல்லுறதைக் கேளாதேங்கோ. சிரிப்புப் பாட்டிலை தொடங்குங்கோ. தாத்தா, உங்கடை இரவிலையும் அந்தப் பாட்டிலை சிரிச்சவரோ?

திருச்சி தாத்தா:
இல்லையம்மா, எங்களுக்கு ஒழுங்காகவே பாடினார். இப்போது யோசித்தால் 15 டாலருக்கு அது ஒன்று குறைகிறது.