நுண்கடன் வறுமையைக் குறைக்கிறதா? வேலையில்லாதவருக்கு அதனால் வேலை கிடைக்கிறதா?

கேள்வி

1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் கையிலிருந்து மொத்தம் 27 டாலர் கடன் கொடுத்ததில் தொடங்கிய முயற்சி, 1983-இல் கிராமீன் வங்கியாக வளர்ந்து, 2006-இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஏழைகளுக்கு ஈடின்றித் தரும் அத்தகைய சிறு கடனை, அதாவது நுண்கடனை, வாங்கியவர்கள் தவணை கட்ட இன்னொரு கடன் வாங்கி மீள முடியாமல் தவித்த செய்திகளையும் படிக்கிறோம். வேலையில்லாத இளைஞர்களுக்கான திட்டம் ஒன்றை வரைவதில் உதவி வருகிறேன். அதன் பெரும்பகுதி ஈடு கேட்காத சிறு கடன். இதனால் வறுமை உண்மையில் குறையுமா, வேலையில்லாதவர் தமக்கென ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

தங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன; இரண்டுக்கும் ஒரே விடை இல்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் தனித்தனியாக நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒரே இதழில் வெளியாயின. கடன் கிடைத்தவர்களில் சிலர் தொழிலை விரிவாக்கினார்கள், செலவையும் உழைப்பையும் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வசதியும் கூடியது. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்திய ஆய்வு ஐதராபாத்தில் நடந்தது. அங்கே பின்னர் தொடர்ந்து பார்த்தபோது, கடன் வருவதற்கு முன்பே தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நீடித்த பலன் கிடைத்திருந்தது. புதிதாகத் தொழிலில் இறங்கியவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்குக் கடன் கைகொடுக்கிறது, இல்லாத தொழிலைத் தானாக உண்டாக்கித் தருவதில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். எனவே முதல் கேள்விக்கு ‘சிலருக்கு, ஓரளவு’ என்பேன். இரண்டாவதற்கு ‘பெரும்பாலும் இல்லை’ என்பதே என் விடை.

இரண்டாம் மறுமொழி

முந்தைய நண்பர் சொன்னதற்கு நான் கண்ட காரணம் ஒன்று உண்டு. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் கள அலுவலராக இருந்தேன். தையல் இயந்திரம் வாங்கக் கடன் பெற்ற பெண் ஒருவர், அடுத்த வாரக் கூட்டத்திலேயே கணக்கு அட்டையின் உறைக்குள் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து முதல் தவணையைக் கட்டினார். அவை நாங்கள் கொடுத்த கடனிலிருந்தே எடுத்து வைத்தவை. இயந்திரம் அப்போது வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. மூன்றாவது வாரத்தில் அவருடைய தவணையைக் குழுவிலிருந்த மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். கூட்டுப் பொறுப்பு என்பது காகிதத்தில் எளிது, அன்று அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் பதிவேட்டில் அந்தக் குழு ‘நிலுவை இல்லை’ என்றே பதிவானது. அந்தச் சொல்லை எழுதியவன் நான் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

கடன் கொடுத்த மறுவாரமே வசூல் தொடங்கினால், பலன் தரச் சில மாதம் பிடிக்கும் எந்தத் தொழிலிலும் யாரும் பணத்தைப் போட மாட்டார்கள். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள், பின்னாளில் அவர்களுடைய லாபமும் கூடியது. ஆனால் கடனைத் திருப்பிக் கட்டாதவர்களும் அவர்களிடையே அதிகம். அதனால்தான் நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குகின்றன.

வட்டியையும் கவனியுங்கள். ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று சொல்லி, முழு அசலுக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போட்டு, 12 மாதத் தவணைகளாகப் பிரித்து வாங்கினால், அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கையெழுத்துப் போடுபவருக்கு இந்தக் கணக்கை நிலுவை அசலின் மீதான வட்டியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எங்கள் வரைவில் முதல் தவணை இரண்டாம் வாரத்திலேயே வருகிறது, அதை மாற்றுவோம். ஆனால் தொழிலும் சேமிப்பும் இல்லாதவருக்குக் கடன் பொருந்தாது என்றால், அவருக்கு எதைக் கொடுப்பது?

மூன்றாம் மறுமொழி

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்புக்கும் இதே சிக்கல் வந்தது. நுண்கடன் மிக வறியவர்களை எட்டவில்லை என்று கண்டு, 2002-இல் அவர்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கினார்கள். அதில் முதலில் கொடுப்பது கால்நடை போன்ற ஓர் உடைமை; அது கடனாக அல்லாமல் கொடையாகவே போய்ச் சேருகிறது. அதை விற்றுச் சாப்பிட நேராதபடி சில காலம் சிறு உதவித்தொகை, கூடவே பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வந்து விசாரிக்கும் பணியாளர் என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆதரவு தொடர்கிறது. இதே முறையை ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் அக்குடும்பங்களின் வருமானமும் நுகர்வும் உயர்ந்தே இருந்தன. செலவு அதிகம்தான்.

வேலையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். 2010 அக்டோபரில் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திரப் பிரதேச அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்துக்குப் பின் அங்கே நுண்கடன் வசூல் நின்றுபோனது. அந்த நட்டத்தால் அங்கே கடன் கொடுத்திருந்த நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடன் கொடுப்பதைக் குறைத்தன. அவ்வாறு கடன் வற்றிய மாவட்டங்களில் தினக்கூலி குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கடன் வாங்குபவர் வேலை பெறாவிட்டாலும், அவருடைய தொழிலும் செலவும் மற்றொருவருக்குக் கூலியாகப் போய்ச் சேர்கின்றன என்பதை இது காட்டுகிறது. ஆகவே தங்கள் திட்டத்தில் கடனை அடியோடு நீக்கிவிட வேண்டாம். ஏற்கெனவே தொழில் நடத்தி, ஓரிருவரைக் கூடுதலாக வேலைக்கு வைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்குக் கடனைக் கொடுங்கள். வேலையில்லாத இளைஞர்களை முதலில் அவர்களிடம் பணிக்கு அனுப்பிப் பாருங்கள்.